பின்நடையில் முதல் ஆள்

பதினோரு வருஷம் ஒருவன்மேல் வஞ்சம் வைத்திருப்பது லேசுப்பட்ட காரியமா? நடுவில் வேலைக்குப் போக வேண்டும், சமைக்க வேண்டும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், குழாயில் தண்ணீர் நின்றுபோகும். கோபம் ஆறிப்போவதற்கு ஆயிரம் வழி இருக்கிறது. வார்டு அக்காவுக்கு மட்டும் ஆறவே இல்லை. அதுவும் வஞ்சம் யார்மேல்? கூடப் பிறந்த அண்ணன்மேல்.

பெரிய ஆஸ்பத்திரியின் எலும்பு முறிவு வார்டில் அவள் உதவியாளர். டாக்டர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் வார்டு அக்காதான். அண்ணன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான். அவனை ஊரே ‘ரிவர்ஸ்’ என்று கூப்பிடும். கார் ஓட்டுவதால் வந்த பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணி வரை பின்பக்கமாகவே நடந்து, நாற்பத்தாறு கிலோமீட்டர் இருநூறு மீட்டர் போனவன் அவன். அதற்கு முன்னால் எவனுக்கும் அப்படி ஒரு யோசனையே வந்ததில்லை. வந்திருந்தால் வீட்டில் உதைத்திருப்பார்கள், அது வேறு விஷயம்.

பின்நடைக்கு விதிகள் உண்டு. மணிக்கு ஐந்து நிமிஷம் உட்காரலாம். முதுகு போகிற பக்கம் வழி எப்படி இருக்கிறது என்று தலையைத் திருப்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அந்த நொடியே ஆட்டம் முடிந்தது. பத்தடி தள்ளி, நடப்பவரின் முகத்தைப் பார்த்தபடி ஒரு சாட்சி கூடவே வர வேண்டும். தலை திரும்பினால் சாட்சி விசில் ஊதுவார், ஏட்டில் எழுதுவார். சாட்சி சொன்னதுதான் முடிவு, மேல் முறையீடு கிடையாது. வழி சொல்லவும் ஓர் ஆள் வைத்துக்கொள்ளலாம். அண்ணன் நடந்தபோது சாதனைச் சங்கத்தில் இருந்ததே ஐந்து பேர். அதனால் வழி சொன்னதும் தங்கச்சிதான், சாட்சியும் தங்கச்சிதான்.

அன்றைக்கு என்ன நடந்தது என்பது உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். மதியம் ஒரு நாய் உறுமியது, அண்ணன் திரும்பிப் பார்த்தான். மூன்று மணிக்கு ஒரு லாரி ஹாரன் அடித்தது, மறுபடியும் திரும்பினான். இரண்டு முறையும் தங்கச்சியைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினான். அண்ணனாயிற்றே! விசில் அவள் கழுத்திலேயே தொங்கியது. ஏட்டில் ‘தலை திரும்பவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவள் வாழ்க்கையில் சொன்ன பெரிய பொய் அதுதான்.

“அடுத்த வருஷம் உன் முறை. நான் சாட்சி வர்றேன்” என்றான் அண்ணன். வந்தான். மாலை நாலு நாற்பதுக்கு அவள் நாற்பத்துநாலு கிலோமீட்டரைத் தாண்டியிருந்தாள். அதே நடையில் போனால் ஆறு மணிக்கு அண்ணனைவிட மூன்று கிலோமீட்டர் கூடவே போயிருப்பாள். அந்தக் கணக்கு அவன் முகத்தில் ஓடியதை அவள் எதிரே நடந்தபடியே பார்த்தாள். விசில் கேட்டது.

“திரும்பிட்டா” என்றான்.

“அண்ணே! நான் எப்போ திரும்பினேன்?”

“சாட்சி சொல்றதே முடிவு” என்று சொல்லிவிட்டு ஏட்டில் எழுதினான்.

அன்றைக்கே உண்மையைப் போட்டு உடைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். உடைத்தால் யார் தலை உருளும்? பொய்ச்சாட்சி எழுதினவர் பெயரை வாழ்நாளுக்கும் அடித்துவிட வேண்டும், அவருடைய சாதனை எதுவும் செல்லாது என்று இன்னொரு விதி இருந்தது. வாயைத் திறந்தால் அவன் பெயர் போகும், அவளும் இனிமேல் நடக்க முடியாது. அவளுக்கோ நடந்தே அவனைத் தோற்கடிக்க வேண்டும். அவன் போட்ட தூரத்தைக் காலால் மிதித்துத் தாண்டி, அவன் கையாலேயே அதை எழுத வைக்க வேண்டும். அதற்காக வாயைக் கட்டிக்கொண்டாள்.

ரிவர்ஸ் சும்மா இருந்தானா? சங்கத்துக்குத் தலைவனானான். யார் புதிதாக நடந்தாலும் சாதனையாளரே சாட்சியாக வர வேண்டும் என்று விதி போட்டான். ஸ்கூட்டரில் சொகுசாகப் பின்தொடர்ந்து, மூன்று பேரை மூன்று விசிலில் வீட்டுக்கு அனுப்பினான். மூன்று பேரும் கடைசி ஒரு மணி நேரத்தில்தான் ‘திரும்பினார்கள்’. என்ன பொருத்தம் பாருங்கள்!

வார்டு அக்கா வேலை பார்த்துக்கொண்டே பழகினாள். நோயாளியைக் கட்டிலோடு லிஃப்டிலிருந்து வெளியே எடுக்கும்போது, தலைமாட்டைப் பிடித்துப் பின்னாலேயே இழுத்துக்கொண்டு வர வேண்டும். மற்ற உதவியாளர்கள் தாழ்வாரத்துக்கு வந்ததும் கட்டிலைத் திருப்பிக்கொள்வார்கள். இவள் திருப்ப மாட்டாள். எக்ஸ்ரே அறை வரைக்கும், அங்கிருந்து ஆப்பரேஷன் தியேட்டர் வரைக்கும், சரிவுப் பாதையிலும் பின்பக்கமாகவே போவாள். “அக்கா, மூஞ்சியப் பாத்துக்கிட்டே கூட்டிட்டுப் போறீங்க, பயமே தெரியல” என்று நோயாளிகள் சொல்வார்கள். பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்! அவள் அண்ணன் முகத்தை அல்லவா பார்த்துக்கொண்டு போனாள்.

மூன்று வருஷத்துக்கு முன் சங்கத்தில் மறுபடி சேர்ந்தாள். நாற்காலி துடைத்தாள், எல்லோருக்கும் டீ போட்டாள், அண்ணன் பேசும்போது முதல் ஆளாகக் கைதட்டினாள். தங்கச்சி பழசையெல்லாம் மறந்துவிட்டாள் என்று அவன் நம்பினான். இந்த வருஷ ஆண்டுக் கூட்டத்தில் அவள் எழுந்து ஒரு யோசனை சொன்னாள்.

“சாட்சி ஸ்கூட்டர்ல வந்தா என்ன மரியாதை? சாட்சியும் கூடவே நடக்கணும். நடுவுல சாட்சி நின்னுட்டா நடை செல்லாதுன்னு வச்சிடலாம். எங்க அண்ணன் நடந்து வர்றாருன்னா அதப் பாக்கவே ஊர் திரளும்.”

அண்ணனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உட்கார்ந்த இடத்திலேயே வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, “நானே வழிமொழியறேன்” என்றான். செயலாளர் எழுதிக்கொண்டார். அவர் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அளவுச் சக்கரம் இல்லாமல் வீட்டு வாசலைக்கூடத் தாண்ட மாட்டார். ஏட்டில் ஒன்று ஏறிவிட்டால் யாருக்காகவும் அதை மாற்ற மாட்டார்.

அதற்கடுத்த மாதமே வார்டு அக்கா தன் பெயரைக் கொடுத்தாள்.

கால்வாய் ஓரச் சாலை, நேராக நாலு கிலோமீட்டர். போய்த் திரும்பி, போய்த் திரும்பி நடக்க வேண்டும். காலை ஐந்தே முக்காலுக்கு ரிவர்ஸ் வந்து இறங்கினான். மாப்பிள்ளை மாதிரி வெள்ளை வெளேரென்று புது ஷூ. நாற்பத்தாறு கிலோமீட்டர் நடந்தவனுக்கு, புது ஷூ போட்டு நடக்கக் கூடாது என்று தெரியாதா? தெரியும். போட்டோ எடுப்பார்கள் என்பது அதைவிட நன்றாகத் தெரியும்.

கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு, “வாம்மா தங்கச்சி” என்று சிரித்தான். அவள் கைப்பையிலிருந்து எலும்பு முறிவு வார்டில் கொடுக்கிற கெட்டியான கழுத்துப் பட்டையை எடுத்து, தாடை முட்டுகிற மாதிரி இறுக்கிக் கட்டிக்கொண்டாள். இனிமேல் அவளே ஆசைப்பட்டாலும் தலை திரும்பாது. ரிவர்ஸ் முகத்தில் ஈயாடவில்லை.

“இது என்ன? இதெல்லாம் கூடாது!”

செயலாளர் விதிப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை புரட்டினார். “தலையைத் திருப்பக் கூடாதுன்னுதான் இருக்கு தலைவரே. திருப்ப முடியாத மாதிரி கட்டிக்கக் கூடாதுன்னு எங்கயும் இல்ல.”

ஆறு மணிக்கு நடை தொடங்கியது. வழி சொல்ல அவள் கணவர் சாலையோரமாகக் கூட வந்தார். அவர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்குகிறவர், பேச்சு ரொம்பக் கம்மி. “இடது. நேரா. கல்லு. நேரா.” அவ்வளவுதான். எதிரே பத்தடியில் அண்ணன். எவ்வளவு நாள் காத்திருந்தாள் இந்த முகத்துக்கு! இன்றைக்குப் பன்னிரண்டு மணி நேரம் அது எங்கேயும் ஓட முடியாது.

“என்னண்ணே, தூக்கம் சரியில்லையா? கண்ணு வீங்கியிருக்கு” என்று ஆரம்பித்தாள்.

“நடக்கறதப் பாரு.”

“நடக்கற பக்கத்தைத்தான் பார்க்கக் கூடாதே, விதி. உன்னைத்தான் பார்க்கணும்.”

பதினோரு மணிக்கு அவன் விசிலை எடுத்து வாயில் வைத்தான். அவள் நடை தளரவில்லை.

“ஊது. கழுத்து எந்தப் பக்கம் திரும்பிச்சுன்னு சொல்லிட்டு ஊது. இத்தனை பேர் பாக்கறாங்க.”

சாலையின் இரண்டு பக்கமும் ஆஸ்பத்திரி ஆட்கள், அவனிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிற பிள்ளைகள், வேலை வெட்டி இல்லாதவர்கள் என்று கூட்டம். அவன் விசிலை வாயிலிருந்து எடுத்தான். அப்போது அவளுக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, மகள் பிறந்தபோதுகூட அவ்வளவு வந்ததா என்று அவளுக்கே சந்தேகம். இப்படி நினைக்கலாமா என்று வெட்கமும் வந்தது. ஆனாலும் சிரித்தாள்.

ஒரு மணிக்கு வெயில் ஏறியது. அவன் நடை மாறுவதை அவள்தான் முதலில் கவனித்தாள். வலது குதிகால் தரையில் முழுசாகப் படவில்லை. எத்தனை கால்களைப் பார்த்தவள்! கொப்புளம் எந்த இடத்தில், எவ்வளவு பெரிசு என்று ஷூவைக் கழற்றாமலே அவளால் சொல்ல முடியும்.

“உள் பக்கம் உடைஞ்சிருச்சா, இல்ல இனிமேதானா?” என்று கேட்டாள்.

மூன்று மணிக்கு அவன் அப்படியே குனிந்து தொடையைப் பிடித்தான். “கால் இழுத்துக்கிச்சு… என்னால…” என்று ஆரம்பித்தான். அவனிடம் கார் கற்கிற பிள்ளைகளில் ஒருத்தி கத்தினாள்: “சாருக்கு ஃபர்ஸ்ட் கியரே விழலடோய்!” கூட்டம் கொல்லென்று சிரித்தது. தங்கச்சி பின்பக்கமாக நடக்கிற தூரத்தை அண்ணனால் முன்பக்கமாக நடக்க முடியவில்லை என்று ஊர் பேசினால் அந்த ஊரில் எப்படித் தலைகாட்டுவது? பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தான், நடந்தான்.

நாலரைக்கு அவளுக்கு ஒரு சங்கடம் வந்தது. இத்தனை வருஷமாக அவன் விழ வேண்டும், மண்ணைக் கவ்வ வேண்டும் என்று ஆசைப்பட்டவள், இப்போது அவன் விழுந்துவிடக் கூடாதே என்று பயப்பட வேண்டியிருந்தது. சாட்சி நின்றால் நடை செல்லாது. அந்த விதியை வைத்ததே அவள்தானே! அவனோ குடிகாரன் மாதிரி தள்ளாடினான். உதடு வெளுத்திருந்தது.

“இவருக்குத் தண்ணி கொடுங்க” என்று கணவரிடம் சொன்னாள். தனக்குக் கரைத்து வைத்திருந்த குளுக்கோஸ் தண்ணீரைக் கொடுக்கச் சொன்னாள். இந்தப் பாவிக்கா என் தண்ணீர்?

“அண்ணே, என் காலைப் பாரு. நான் இடது வச்சா நீ வலது வை. அவ்வளவுதான். வேற எதையும் யோசிக்காத.”

“முடியலடி…”

“முடியும். விழறதா இருந்தா ஆறு மணிக்கு மேல விழு. அது வரைக்கும் உன்ன விழ விடமாட்டேன்.”

வார்டில் கால் உடைந்தவர்களை முதல்முதலாக எழுப்பி நடக்க வைக்கிற அதே குரலில் ஒன்றரை மணி நேரம் அவனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பாசம் கொஞ்சம்கூட இல்லை. கன்றுக்குட்டி மாதிரி வந்தான். ஐந்து நாற்பத்தெட்டுக்கு, செயலாளர் சுண்ணாம்பால் போட்டு வைத்திருந்த நாற்பத்தாறு கிலோமீட்டர் இருநூறு மீட்டர் கோடு அவள் கண்ணெதிரே தரையில் தெரிந்தது. பின்பக்கமாக நடப்பவருக்குக் கோடு தாண்டின பிறகுதான் கண்ணில் படும். கூட்டம் போட்ட சத்தத்தில் கணவர் என்ன சொன்னார் என்றே கேட்கவில்லை. அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆறு மணி. நாற்பத்தாறு கிலோமீட்டர் தொள்ளாயிரத்துப் பத்து மீட்டர்.

சாலையோரத்தில் மேஜை போட்டிருந்தார்கள். ரிவர்ஸ் நாற்காலியில் சரிந்து, ஷூவைக் கழற்றினான். காலுறையெல்லாம் ரத்தம். செயலாளர் ஏட்டை நீட்டினார். ‘தலை திரும்பவில்லை’ என்று அவன் தன் கையாலேயே எழுதினான், கையெழுத்துப் போட்டான். அவள் ஒவ்வொரு எழுத்தையும் மேலே நின்று பார்த்தாள். பதினோரு வருஷம் கட்டி வைத்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது.

அங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியவிடவில்லை அவன்.

மைக்கைக் கொண்டுவரச் சொன்னான். உட்கார்ந்தபடியே பேசினான். குரல் எங்கிருந்துதான் வந்ததோ! “எனக்கு இன்னிக்கு ரொம்பப் பெருமை. என் தங்கச்சிக்குப் பின்நடை சொல்லிக் கொடுத்ததே நான்தான். கடைசி ஒன்றரை மணி நேரம் அவளை விடாம கூட்டிட்டு வந்தேன், எல்லாரும் பாத்தீங்க. முதல்ல நடந்தது அண்ணன், முறியடிச்சது தங்கச்சி. சாதனை எங்க வீட்டை விட்டு வெளிய போகல!”

கூட்டம் கைதட்டியது. கைதட்டாமல் என்ன செய்யும்? கேட்க நன்றாகத்தானே இருந்தது. பிறகு மைக்கைக் கீழே வைத்துவிட்டு, அவள் தோளைப் பிடித்து இழுத்து, காதருகே சொன்னான்.

“தூரம் உன்னோடது, வச்சுக்கோ. அடுத்த வருஷம் எவனாவது ஐம்பது நடப்பான், அப்போ உன்னை யாருக்கும் ஞாபகம் இருக்காது. முதல்ல நடந்தவன் நான். அதை எவன் தாண்டுவான்? பள்ளிக்கூடத்துப் பொது அறிவுப் புத்தகத்துல என் பேர் இருக்கு. உன் மகளே அதைப் படிச்சுத்தான் பரீட்சை எழுதணும்.”

அவன் சொன்னது நிஜம். தூரத்தை யார் வேண்டுமானாலும் தாண்டிவிடலாம். முதல் ஆளைத் தாண்ட முடியாது. எவ்வளவு நடந்தாலும், ஆயுசு முழுக்க நடந்தாலும், இவன் முன்னால் நிற்பான், அவள் இரண்டாவதாக நிற்பாள். அதுவும் திருடின முதலிடம்! அவள் எழுதிக் கொடுத்த முதலிடம்!

மைக்கை எடுத்தாள்.

“செயலாளர் சார், பழைய ஏட்டை எடுங்க. எங்க அண்ணன் நடந்தப்போ சாட்சி நான்தான். அவர் ரெண்டு தடவை தலையைத் திருப்பினாரு. மதியம் நாய் உறுமினப்போ ஒண்ணு, மூணு மணிக்கு லாரி ஹாரன் அடிச்சப்போ ஒண்ணு. நான் பாத்தேன். திரும்பலன்னு பொய் எழுதினேன்.”

ரிவர்ஸ் எழுந்திருக்கப் பார்த்தான், கால் நிற்கவில்லை. “பொய்! பொறாமையில பேசறா! என்ன ஆதாரம் இருக்கு?”

“சாட்சி சொல்றதே முடிவு” என்றாள் அவள்.

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். நல்ல மனிதர். “அம்மா, யோசிச்சுச் சொல்லுங்க. பொய்ச்சாட்சின்னு நான் எழுதினா உங்க பேரை வாழ்நாளுக்கும் அடிக்கணும். இன்னிக்கு நடந்ததும் செல்லாது. இப்போதானே முடிச்சீங்க… வேர்வைகூட இன்னும் காயல.”

கணவர் பக்கம் பார்த்தாள். கழுத்துப் பட்டையோடு உடம்பை முழுசாகத் திருப்பித்தான் பார்க்க வேண்டியிருந்தது. இதற்கு அவராலும் வழி சொல்ல முடியாது. பதினோரு வருஷத் தாழ்வாரம், சரிவுப் பாதை, தினமும் வீங்கின கணுக்கால், எல்லாம் அண்ணன் எழுதின அந்த ஒரே வரியில்தான் இருந்தது. அதன் மை இன்னும் உலரவில்லை.

“தெரியும் சார். எழுதுங்க.”

செயலாளர் அளவுகோலை வைத்துப் பழைய ஏட்டில் ஒரு கோடு போட்டார். புது ஏட்டில் ஒரு கோடு போட்டார். இரண்டும் ஒரே நீளம், ஒரே நேர்கோடு. அந்த மனிதருக்கு வேறு மாதிரி போட வராது. பின்நடையில் முதல் ஆள் என்று இப்போது எவரும் இல்லை. ரிவர்ஸ் விசில் ஊதி வீட்டுக்கு அனுப்பிய அந்தப் பழைய மூன்று பேரில் ஒருவன் கூட்டத்தில் நின்றிருந்தான். அவன் செயலாளரிடம் வந்து, “சார், பேர் கொடுக்க என்ன பண்ணணும்?” என்று மெதுவாகக் கேட்டான்.

ரிவர்ஸ் தலையில் கையை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். கோபம்கூடப் போய்விட்டிருந்தது, நம்ப முடியாத குழப்பம்தான் மிச்சம்.

“பைத்தியமாடி உனக்கு? உன்னோடதும் போச்சேடி!”

“போகட்டுமே” என்றாள் அவள். கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கவில்லை, முகமெல்லாம் சிரிப்பு. “உன்னோடது போச்சா இல்லையா? அதைச் சொல்லு முதல்ல. உன் வாயால ஒரு தடவை சொல்லுண்ணே, கேட்டுக்கறேன்.”